மூச்சுக்குழாயில் கட்டிய துணி

போன மாதம் நான் வேலை பார்த்த ஒர்க் ஷாப்பிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் வீடு தேடி வந்தார்கள். இப்போது வருகிற டர்போ பெட்ரோல் கார்கள் ஆயில் குடிக்கின்றனவாம். ஆன்லைனில் ஆர்டர் போட்டால் அந்த ஆயிலைப் பிடித்து வைக்கப் பளபளவென்று ஓர் அலுமினிய டப்பா வருகிறதாம். அதை மாட்டலாமா, எந்தக் குழாயை எங்கே கொடுப்பது, நீங்கள் அப்போதே செய்திருக்கிறீர்களாமே, நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன், ஆனால் பாதியில் விடாமல் கடைசிவரை படிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். டப்பா மாட்டிய பாதிக் கதையை மட்டும் சொல்லித்தான் அந்த ஒர்க் ஷாப்பில் இத்தனை வருடம் நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். மீதிப் பாதி இதில் இருக்கிறது.

நான் தொழில் பழகியது திருச்சுழிப் பக்கத்துக் கிணற்று மேடுகளில். படிப்பு கிடையாது, ஸ்பேனர்தான் படிப்பு. தண்ணீர் இறைக்கிற ஆயில் இஞ்சின்களோடு எட்டு வருடம் போனது. அந்த இஞ்சின்களுக்கெல்லாம் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. உள்ளே பிஸ்டனைத் தாண்டிக் கசிகிற புகை அதன் வழியாக வெளியே போகும். எங்கள் ஊர்க் காற்றில் பாதி கரிசல் தூசி. அது உள்ளே போகக் கூடாது என்று குழாயின் வாயில் பழைய வேட்டித் துணியை நாலாக மடித்துக் கட்டிவிடுவோம். வாரம் ஒருமுறை அவிழ்த்து மண்ணெண்ணெயில் அலசிக் கட்டுவோம். விவசாயம் பார்க்கிற சம்சாரிகளும் அப்படித்தான் கட்டினார்கள், நாங்களும் அப்படித்தான் கட்டினோம். நிதானமாக ஓடுகிற இஞ்சின், கசிகிற புகையும் கொஞ்சம், அதனால் ஒன்றும் ஆகாது. துணி கட்டாத குழாயைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். அந்தப் பரபரப்போடுதான் அருப்புக்கோட்டைக்கு வந்து கார் ஒர்க் ஷாப்பில் சேர்ந்தேன்.

அங்கே ஃபோர்மேன் சுப்புராஜ். ஒல்லியான ஆள். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வண்டி வந்ததும் நாங்கள் பாய்ந்து போய் பானட்டைத் திறப்போம். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கை கழுவிட்டு வா, அப்புறம் தொடு" என்பார். ஆயில் அளவு பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். இஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் ஆயில் கீழே இறங்க விட வேண்டும். அளவு காட்டுகிற டிப்ஸ்டிக் கம்பியை உருவி வெள்ளைப் பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு, மறுபடி உருவ வேண்டும். முதல் தடவை பார்த்த அளவை யாராவது சொன்னால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

இன்னொன்று காகிதச் சோதனை. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, அந்த வாயில் ஒரு துண்டுச் செய்தித்தாளை வைப்பார். காகிதம் லேசாக உள்ளே அமுங்கி நின்றால் இஞ்சின் ஒழுங்காக மூச்சு விடுகிறது. படபடவென்று மேலே பறந்தால், ஒன்று பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை அதிகமாகக் கசிகிறது, இல்லையென்றால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. காகிதத்தை லபக்கென்று உள்ளே இழுத்தால், புகையைத் திருப்பி இஞ்சினுக்குள்ளேயே விடுகிற வால்வு கெட்டுப்போயிருக்கிறது, புகையோடு சேர்த்து ஆயிலையும் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். ஆயில் குடிக்கிறது என்று வருகிற வண்டியை உடனே பிரித்துப் போட்டு ரிங் மாற்றுகிற ஆட்கள் உண்டு. சுப்புராஜ் முதலில் செய்தித்தாளைத்தான் தேடுவார்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ரத்தினவேல் அண்ணாச்சியின் கார் எங்களிடம் வந்தது. அண்ணாச்சி டவுனில் பருத்தி வியாபாரம். வெளிநாட்டுக் கம்பெனியின் டர்போ பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தார். மிதித்தால் காரியாபட்டி வந்ததே தெரியாமல் மதுரைக்குப் போய்விடும் என்று பெருமையாகச் சொல்வார். ஆனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை.

ஓட்டி வந்தவன் முனியசாமி, அண்ணாச்சியின் டிரைவர். பந்தல்குடிக்குப் பக்கத்துக் கிராமம். அவன் அப்பா காளிமுத்து அண்ணாச்சியின் கோடவுனில் முப்பது வருடம் பருத்தி மூட்டை தூக்கியவர். முதுகு போனபிறகு, "எம்பிள்ளைய வச்சுக்கிடுங்க, பொய் சொல்ல மாட்டான், குடிக்க மாட்டான்" என்று சொல்லி மகனை டிரைவராக்கினார். அவர் சொன்னபடியே பிள்ளையும் இருந்தான். காரை அவன் துடைக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரியும்.

சுப்புராஜ் காகிதத்தை வைத்தார். உள்ளே போய்விட்டது. வால்வுக்குள் இருக்கிற ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. புது வால்வு வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அண்ணாச்சிக்கு ஆறு நாள்கூட வண்டி இல்லாமல் முடியாது. சரி, அதுவரைக்கும் ஒரு மாற்று வழி என்று நானும் சுப்புராஜும் சேர்ந்து ஒரு டப்பா செய்தோம். வால்வைக் கழற்றிவிட்டு, இஞ்சினின் மூச்சை ஒரு ரப்பர் குழாய் வழியாக டப்பாவுக்குக் கொண்டுபோனோம். டப்பாவுக்குள் தகட்டுத் தடுப்புகள். ஆயில் அதில் மோதிக் கீழே வடியும், புகை மட்டும் மேல்முனை வழியாக வெளியே போகும். முனையில் கம்பி வலை போட்ட சின்ன பில்டர். வேலை அழகாக அமைந்தது. ஆயில் குடிப்பது நின்றே போனது. அண்ணாச்சி எல்லாருக்கும் பூந்தி வாங்கிக் கொடுத்தார்.

சுப்புராஜ் முனியசாமியைக் கூப்பிட்டுத் தினமும் காலையில் ஆயில் அளவு பார்க்கச் சொன்னார், துடைத்து இரண்டாம் தடவை பார்க்கிற முறையில். பார்த்து எனக்குப் போன் செய்ய வேண்டும். என்னிடம் ஒன்று சொன்னார்.

"அந்த வலை போதும். அதுக்கு மேல ஒண்ணும் சுத்தாத. இது கிணத்து மேட்டு இஞ்சின் இல்ல. மிதிச்சா பத்து மடங்கு மூச்சு விடும்."

எனக்கு அது ரோஷமாகப் போயிற்று. கிணற்று மேட்டிலிருந்து வந்தவன் என்பதைக் குத்திக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து வண்டி கழுவ வந்தபோது பார்த்தால், அந்த வலை முழுக்கக் கரிசல் தூசி. பந்தல்குடி ரோட்டில் அப்போது ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது, லாரி லாரியாக மண். சுப்புராஜ் அன்றைக்கு லீவு. நான் வலையைத் துடைத்துவிட்டு, வேட்டித் துணியை நாலாக மடித்து முனையில் சுற்றி நூலால் கட்டினேன். வாரம் ஒருமுறை நானே மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் வேறு வேலையில் மறந்து போனேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் முனியசாமி போன் செய்தான்.

"அண்ணே, ஆயில் அளவு சரியா இருக்கு. ஆனா டிப்ஸ்டிக்கு ஒரு விரக்கடை மேல எந்திரிச்சு நிக்கிது. அமுக்கி விட்டேன். வண்டிய எடுக்கலாமாண்ணே? தூத்துக்குடி போகணும்."

டிப்ஸ்டிக் தானாக எழுந்து நிற்கிறது என்றால் இஞ்சினுக்குள் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையிலும் தெரியும். ஆனால் கையில் ஒரு கிளட்ச் வேலை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்.

"நேத்து நீ சரியா அமுக்கியிருக்க மாட்ட. எடுத்துட்டுப் போ" என்றேன்.

அண்ணாச்சியின் மருமகனைத் தூத்துக்குடி ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வரும்போது, பந்தல்குடிக்கு வருவதற்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும், ரெக்கவரி வண்டியோடு நான்தான் போனேன். முனியசாமி காருக்குப் பின்னால் கல்லை வரிசையாக அடுக்கி, வேலிக் கருவை ஒடித்துப் போட்டு, மற்ற வண்டிகளைக் கையைக் காட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்தா அந்தப் பாலம் தாண்டுனதும் ஆயில் லைட்டு எரிஞ்சுது. ஒடனே ஓரங்கட்டிட்டேன். நிப்பாட்டுறதுக்குள்ள இஞ்சினே நின்னுருச்சு. எவ்வளவு தூரம்னு நீங்களே பாருங்க."

பார்த்தேன். நூறு மீட்டர்கூட இருக்காது. ரோட்டில் ஆயில் ஒழுகிய கருப்புக் கோடு பாலத்துக்கும் பின்னால் வெகுதூரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பானட்டைத் திறந்தேன். துணி ஆயிலும் தூசியும் சேர்ந்து களி மாதிரி இறுகிப் போயிருந்தது. புகை போக வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, இஞ்சின் பின்பக்கத்தில் ஆயிலை அடைத்து நிற்கிற ரப்பர் வளையத்தைப் பிய்த்துக்கொண்டு ஆயில் முழுக்க வெளியே கொட்டியிருக்கிறது. அந்த வேகத்தில் ஆயில் இல்லாமல் போனால், லைட் எரிகிறபோதே பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். டிரைவர் என்ன செய்தாலும் காப்பாற்ற முடியாது. முனியசாமி ரெக்கவரி டிரைவரோடு பின்னால் பேசிக்கொண்டிருந்தான். நான் துணியை அவிழ்த்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒர்க் ஷாப்பில் அண்ணாச்சி, முனியசாமி, அவன் அப்பா காளிமுத்து. சுப்புராஜ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காளிமுத்து உள்ளே வராமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அன்றைக்குக் கொதித்துப் போயிருந்தார்.

"காலி வண்டிய விரட்டியிருக்கான். போனப் பாத்துக்கிட்டு வந்திருப்பான். லைட்டு எரிஞ்சது கண்ணுக்குத் தெரியல. கேட்டா ஒடனே நிறுத்துனேங்கிறான்." என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் போய்ப் பாத்தீக. நீங்க சொல்லுங்க. லைட்டு எரிஞ்ச ஒடனே நிறுத்துனா இஞ்சின் இப்படி ஆகுமா?"

முனியசாமி என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் பயமே இல்லை. அண்ணனுக்குத் தெரியும், அண்ணன் சொல்லிவிடுவார் என்கிற நிம்மதிதான் இருந்தது.

இன்னும் நாலு மாதத்தில் சுப்புராஜ் ரிட்டயர் ஆகிறார். அடுத்த ஃபோர்மேன் நான் என்று எல்லாருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் அந்த நாற்காலி இல்லை, வேலையே இருக்குமா என்பதும் சந்தேகம். இதெல்லாம் யோசித்துச் சொன்னேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாய் தானாகச் சொன்னது.

"ஒடனே நிறுத்தியிருந்தா இப்படி ஆகாது, அண்ணாச்சி."

கேட்டுக்குப் பக்கத்திலிருந்து காளிமுத்து வந்தார். மகனை அடிக்கவில்லை.

"ஏலே, பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லிட்டுப் போ. பொய் எதுக்குலே சொல்ற?"

"இல்லய்யா, எரிஞ்ச ஒடனே நிறுத்துனேன்யா."

"பொய் சொல்ல மாட்டான்னு சொல்லி ஒன்னயச் சேத்துவிட்டேனேலே" என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சியைப் பார்த்துக் கை கூப்பினார். அந்த வயசான கைகளைப் பார்க்க முடியாமல் நான் ஸ்பேனர் எடுக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். அன்றோடு முனியசாமிக்கு அந்த வேலை போயிற்று.

எல்லாரும் போனபிறகு சுப்புராஜ் டார்ச்சோடு பானட்டுக்குள் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கை கழுவிட்டு வா."

கழுவிவிட்டு வந்தேன்.

"டப்பா முழுக்கத் தூசி. இந்த முனை மட்டும் சுத்தமா இருக்கு. ரெண்டு நூலு ஒட்டியிருக்கு. நீ எதுவும் சொல்லணுமா?"

"இல்லைங்க."

"சரி."

அவ்வளவுதான். ஒர்க் ஷாப் முதலாளி வேலைச் சீட்டில் 'டிரைவர் கவனக்குறைவு' என்று எழுதச் சொன்னார். சுப்புராஜ் 'மூச்சுக்குழாய் அடைப்பு இருந்திருக்கலாம்' என்று எழுதினார். இது வேண்டாம் என்று முதலாளி வேறு சீட்டு போட்டபோது கையெழுத்து போட மறுத்துவிட்டார். போட்டவன் நான். அவர் ஏன் தாமே அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லவில்லை என்று வெகுநாள் எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. நான் செய்ய வேண்டியதை அவர் செய்யவில்லை என்று கோபம். என்ன நியாயம் பாருங்கள். நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து, "பந்தல்குடிக்கு அரை மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்கு" என்றார். இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோனார்.

அந்த நாற்காலியில் எட்டு வருடம் உட்கார்ந்தேன். காகிதச் சோதனையை எல்லாருக்கும் காட்டிக் கொடுத்தேன், என்னுடைய கண்டுபிடிப்பு மாதிரி. டிப்ஸ்டிக் எழுந்து நிற்கிறது என்று எந்த டிரைவர் போன் செய்தாலும், வண்டியை எடுக்காதே, நான் வருகிறேன் என்று ஓடுவேன். பொறுப்பான ஆள் என்றார்கள்.

கேட்க வந்த இருவருக்கும் தொழில் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டப்பா மாட்டுவது தப்பில்லை. முதலில் வால்வைப் பாருங்கள், பிறகு ரிங்கைப் பாருங்கள், அதன்பிறகு டப்பாவை யோசியுங்கள். டப்பாவிலிருந்து வெளியேறுகிற மூச்சைக் காற்றில் விடாமல், ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் இருக்கிற குழாயிலேயே திருப்பிக் கொடுங்கள். அங்கே தூசிக்கு வழியே இல்லை. டப்பாவை ஒவ்வொரு சர்வீசிலும் வடித்து அளந்து பாருங்கள். எந்த முனையையும் எதைக் கொண்டும் கட்டாதீர்கள். டிரைவர் ஒன்று சொன்னால் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ரிட்டயர் ஆனதும் முதலில் ரத்தினவேல் அண்ணாச்சியிடம் போனேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"அட, அது எந்தக் காலத்துக் கதை. அந்தக் காரையே வித்தாச்சு. காபி சாப்பிடுறீகளா?"

கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காபியைக் குடித்துவிட்டுப் பந்தல்குடி பஸ்ஸில் ஏறினேன்.

முனியசாமி ரோட்டோரத்து எடைமேடையில் வேலை பார்க்கிறான். லாரி ஏறி நின்றால் எடை பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுக்கிற வேலை. முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே" என்று நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். நான் துணியைச் சொன்னேன், பாக்கெட்டைச் சொன்னேன், பொய்யைச் சொன்னேன். முடித்தபிறகு ஒன்று கேட்டான்.

"அப்ப டிப்ஸ்டிக்கு எந்திரிச்சு நின்னது?"

"அதுதான் மொத அறிகுறி. நீ சரியாத்தான் சொன்ன. நாந்தான் கேக்கல."

தலையை ஆட்டிக்கொண்டான்.

"அதுக்கப்புறம் நான் ஸ்டியரிங்கயே தொடலண்ணே. லைட்டு மின்னாடியே எரிஞ்சு நாந்தான் கவனிக்கலயோன்னு எனக்கே ஆகிப்போச்சு. எல்லாரும் சொல்றாக, நீங்களும் சொல்லிட்டீக. நீங்க பொய் சொல்லணும்னு என்ன இருக்குன்னு நெனச்சேன்."

உன் அப்பாவைப் பார்த்து அவர் காலில் விழுந்து சொல்லிவிட்டுப் போகிறேன், வீட்டுக்குக் கூட்டிப் போ என்று கேட்டேன்.

"எங்கய்யா செத்துப்போயிட்டாகண்ணே. அந்த வருசமே. பதினோரு மாசம் என்கிட்டப் பேசல. இஞ்சின் போனதுக்காக இல்ல, பொய் சொல்றேன்னு. கடைசில பெரியாஸ்பத்திரில வச்சுக் கூப்பிட்டாக. 'இப்பவாச்சும் உண்மையச் சொல்லுலே, நீ லைட்டப் பாக்கலதான'ன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"'பாக்கலய்யா'ன்னு சொல்லிட்டேன். அப்பத்தாண்ணே என் கையப் பிடிச்சாக."